என் பெயரில் வந்த நல்ல சீட்டு

எனக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, எட்டு மாதம் ஆகிறது. உடம்பு தேறிவிட்டது. சோறு இறங்குகிறது, படி ஏற முடிகிறது, வேலைக்கும் போகிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இந்த வயசுல உனக்கு எப்படிம்மா?" எனக்கு முப்பத்திரண்டு வயது. இதே கேள்வியை நானும் ரொம்ப நாள் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘இந்த வயசில் எனக்கு எப்படி வரும்?’ என்று. கேட்டேன் என்பதைவிட, அதையே பதிலாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன் என்பதுதான் சரி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் வெட்கக்கேடான கதை. வேறு யாராவது செய்திருந்தால் நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

நான் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில், ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் திருத்தம், பட்டா மாற்றம் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். ஒரு எழுத்து தப்பாக ஏறிவிட்டால் அதைத் திருத்த ஒரு மனிதன் எத்தனை நாள் அலைய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பிறந்த தேதியை மாற்றிச் சொல்கிறவர்களை நான் விட்ட டோஸில் அழுதவர்கள்கூட உண்டு.

வீடு அடி அண்ணாமலையில். கணவர் ஏழுமலை தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறார். மகள் யாழினி ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். மாமியார் பச்சையம்மாள் எங்களோடு இருக்கிறார். கீழ்பென்னாத்தூரில் பெரிய மகன் வீட்டில் இருந்தவர், யாழினி பிறந்தபோது என்னைப் பார்த்துக்கொள்ள வந்து அப்படியே தங்கிவிட்டார். ஆனால் அவர் பெயர் மட்டும் கீழ்பென்னாத்தூர் ரேஷன் கார்டிலேயே இருந்தது. "மாத்தித் தர்றேன் அத்தை" என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் விலாசம் மாற்றிக் கொடுக்கிறவள் வீட்டு லட்சணம் அது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கிராமத்து நர்ஸம்மா ஒரு சீட்டோடு வீட்டுக்கு வந்தார். முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்கும் முகாம், சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில். சீட்டில் என் பெயர், வயது, வரிசை எண் எல்லாம் எழுதியிருந்தது. மாமியாருக்குச் சீட்டு இல்லை. அவர் பெயர்தான் எங்கள் ஊர்ப் பட்டியலிலேயே இல்லையே.

"சரண்யா, கட்டாயம் வந்துடும்மா. ரொம்ப பேரு வர்றேன்னு சொல்லிட்டு வர்றதில்ல."

"எனக்கு இன்னாத்துக்கு மேடம்? எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே."

"தொந்தரவு இல்லாதப்பதான் பாக்கணும். வந்தப்புறம் பாக்குறதுக்கு கேம்ப் எதுக்கு?"

தலையாட்டி அனுப்பிவிட்டேன். அந்த நோய் யாருக்கு வரும் என்று என் மனதில் ஒரு பட்டியல் இருந்தது. நாலைந்து பிள்ளை பெற்றவர்களுக்கு வரும். தீட்டு நின்றுபோன வயதானவர்களுக்கு வரும். புருஷன் சரியில்லாதவர்களுக்கு வரும். சுத்தமாக இல்லாதவர்களுக்கு வரும். அந்தப் பட்டியலில் எந்த வரியிலும் நான் இல்லை. ஒரே பிள்ளை, ஒரே புருஷன், தினம் இரண்டு வேளை குளியல். எங்கள் வம்சத்திலும் யாருக்கும் கிடையாது. இது போக, அந்நியர் முன்னால் காலை அகட்டிப் படுக்க வேண்டும் என்ற கூச்சம். அதை வெளியே சொல்லாமல், ‘நேரம் இல்லை’ என்று சொன்னேன். என் வயதுப் பெண்கள் இதை வாசித்தால், அந்தப் பட்டியல் அவர்களிடமும் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பச்சையம்மாளுக்கு அப்போது இடுப்பு வலி, வெள்ளைப்படுதல். அதைப் பார்த்ததும் என் இ-சேவை மூளை வேலை செய்தது.

"அத்தை, உங்களுக்குத்தான் தொந்தரவு. நீங்க போய் பாத்துக்கினு வாங்க. என் சீட்டுலயே போங்க."

"உன் பேர சொல்லி கூப்புடுவாங்களேம்மா?"

"கூப்புட்டா கைய தூக்குங்க. யாரு பாக்கப் போறாங்க? வீட்டுக்கு ஒருத்தர் போனா போதும், ரேஷன் மாதிரிதான். நர்ஸம்மாவும் என்னை விட்டுடுவாங்க."

இதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. எங்கள் பக்கம் எல்லாமே அப்படித்தான். பொங்கல் பரிசுக்கு ஒருத்தர் போனால் வீட்டுக்கே வந்த மாதிரி. ஒரு கார்டு, ஒரு கைரேகை. உடம்பும் அப்படிக் கணக்கில் வரும் என்று நினைத்துவிட்டேன்.

மத்தியானம் அவர் திரும்பி வந்தார். "சரண்யானு கூப்டாங்க, போனேன். கூட்டம்னா கூட்டம். நம்ம நர்ஸம்மா அந்தப் பக்கமே இல்ல, வயசு கூட யாரும் கேக்கல. என்னமோ தண்ணி மாதிரி தடவி லைட்டு அடிச்சு பாத்தாங்க. லேசா எரிஞ்சிது. ஒண்ணியும் இல்ல, புண்ணுக்கு மாத்திரை போடுனு குடுத்துட்டாங்க." அந்தத் தண்ணீர் ஒரு லேசான அமிலம். கர்ப்பப்பை வாயில் தடவினால், கெட்டுப்போக ஆரம்பித்த இடம் இருந்தால் வெள்ளையாக மாறிக் காட்டும். அவருக்கு மாறவில்லை. அவர் கொண்டுவந்த சீட்டில் என் பெயர், அதற்குக் கீழே ‘இயல்பு’ என்று எழுதி முத்திரை.

முத்திரை விழுந்த எந்தத் தாளையும் நான் சும்மா விடமாட்டேன். மறுநாள் மையத்துக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்தேன். முதலில் விளையாட்டுதான். ஆனால் நாள் ஆக ஆக, அது எனக்கு எடுத்த பரிசோதனை என்றே ஆகிவிட்டது. யாராவது பேச்சுக் கொடுத்தால், "நான் டெஸ்ட் எடுத்துட்டேன், நார்மல்" என்று கண் இமைக்காமல் சொன்னேன். சொல்லும்போது பொய் சொல்கிறோம் என்ற நினைவே வராது.

போன வருஷம் ஆடி மாதம் போல ஆரம்பித்தது. தீட்டு நாள் இல்லாமல் நடுவில் ரத்தம் பட்டது. கணவரோடு சேர்ந்த பிறகும் பட்டது. வலி இல்லை. வலி இல்லை என்பதால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். அடுத்த மாதமும் தொடர்ந்தபோது டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எப்போதாவது செய்ததுண்டா என்பதுதான். பையிலிருந்து லேமினேட் சீட்டை எடுத்து நீட்டினேன். பெருமையாகவே நீட்டினேன்.

"நல்லது. இருந்தாலும் உள்ள ஒரு தடவை பாத்துடலாமா?"

"இப்ப ரத்தம் படுது மேடம். அதான் டெஸ்ட் நார்மல்னு இருக்கே. அடுத்த தடவை வர்றப்ப பாத்துக்கலாமே."

அவர் மாத்திரை எழுதி, பத்து நாளில் கட்டாயம் வரச் சொன்னார். நான் போகவில்லை. மாத்திரை தீர்ந்ததும் டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டையே கடையில் காட்டி மறுபடி வாங்கினேன். இப்படி நாலு மாதம். கடைசியில் மையத்தில் பிரிண்டருக்குப் பேப்பர் போட எழுந்தால் கண் இருட்டியது. ஏழுமலை ஒரு நாள் காலை வண்டிச் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார். "இன்னிக்கு லோடு கெடையாது. நீ ஆஸ்பத்திரிக்கு வர்ற. பேசாத." அந்த மனிதர் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகளிர் நோய்ப் பிரிவில் பெஞ்சுகள் நிறைந்து, சுவர் ஓரமாகவும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பச்சையம்மாள் தரையில் துண்டு விரித்து எனக்கு இடம் பிடித்தார். இரண்டு மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தது என் வயதுதான் இருக்கும் ஒரு டாக்டர். கையில் மருதாணி மங்கியிருந்தது. அதே கேள்வி. அதே சீட்டை நானும் நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, என் நோட்டில் ஏதோ எழுத ஆரம்பித்தார். நான் தலைகீழாகப் படிக்கப் பழகியவள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பத்து வருஷப் பழக்கம். ‘ஒரு வருடம் முன் பரிசோதனை, இயல்பு’ என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

 ஒரு முறை எழுதி ஏறிவிட்டால் அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் அதை நம்பித்தான் அடுத்த வரியை எழுதுவார்கள். தினமும் என் கவுன்டரில் பார்க்கிறேனே. ஒரு தப்பான தேதி, பள்ளிச் சான்றிதழிலிருந்து பென்ஷன் வரைக்கும் ஒரு ஆளைத் துரத்தும். அந்த நோட்டில் இருப்பது என் தேதி இல்லை, என் உயிர். இன்னொரு பக்கம் ஒரு பயம். ஆள்மாறாட்டம் குற்றம் என்று எங்கள் மையத்துச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நான் வேலை பார்க்கிறேன். இது வெளியே தெரிந்தால் கேஸ் ஆகுமா, வேலை போகுமா, சிகிச்சையே தரமாட்டேன் என்பார்களா? அவர் எழுதி முடிக்க இன்னும் இரண்டு வார்த்தைதான் இருந்தது.

"அதை எழுதாதீங்க மேடம்," என்றேன்.

"ஏன்?"

"அது நான் எடுத்தது இல்ல. பேருதான் என்னுது. உடம்பு எங்க மாமியாருது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒரு முகம் வைத்துக்கொண்டார்.

"அவங்க எங்க?"

"வெளிய உக்காந்திருக்காங்க. மேடம், இதுக்கு கேஸ் எதனா போடுவாங்களா?"

"உங்க மேல யாரும்மா கேஸ் போடப் போறாங்க?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "உங்களுக்கு நீங்களே பண்ணிக்கிட்டது போதாதா? இந்தச் சீட்டு நெஜமாவே உங்களுதா இருந்தாலும், ரத்தம் வர்றப்ப பழைய சீட்டைப் பாத்துட்டு சும்மா இருக்கக் கூடாது. எழுந்து படுங்க. இன்னிக்குப் பாத்துடலாம்."

படுத்தேன். எந்தக் கூச்சத்துக்குப் பயந்து இவ்வளவு செய்தேனோ, அது மொத்தம் ஐந்து நிமிஷம். வாத்து அலகு போல ஒரு கருவியை வைத்து விரித்து, விளக்கைத் திருப்பிப் பார்த்தார்கள். குளிர்ந்தது, அழுத்தியது, அவ்வளவுதான். டாக்டர் விளக்கை இன்னும் கிட்டே இழுத்து இரண்டாம் முறை பார்த்தார். பட்டாணி அளவுக்கும் குறைவாக ஒரு துளிச் சதை எடுத்தார்கள். அதைப் பரிசோதனைக்கு அனுப்பி என்ன என்று பார்ப்பதுதான் பயாப்ஸி. பத்து நாளில் முடிவு வரும் என்றார்கள். ரத்தம் குறைந்திருந்ததால் அன்றே இரண்டு பாட்டில் ஏற்றினார்கள்.

முடிவு வாங்க வேண்டிய நாள் பௌர்ணமியில் வந்து விழுந்தது. அன்று எங்கள் ஊருக்குள் வண்டி விட மாட்டார்கள். ஏழுமலை விடியும் முன்பே வண்டியைப் போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். நானும் பச்சையம்மாளும் அதுவரை கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். எங்கள் வீட்டு வாசலில் வருஷம் முழுக்க இந்தக் கூட்டத்தைப் பார்க்கிறேன். அன்றுதான் அதற்குள் போனேன். எல்லோரும் ஏதோ கேட்டுக்கொண்டு நடக்கிறார்கள். நானும் கேட்டேன், வாயைத் திறக்கவில்லை.

வெளியூர் அம்மா ஒருத்தி என் காலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கிரிவலத்துல செருப்பு போட்டுக்கிட்டு நடக்குறியே, படிச்ச பொண்ணாட்டம் இருக்க," என்றாள்.

பச்சையம்மாள் திரும்பினார். "அவ ஆஸ்பத்திரிக்கு போறாம்மா. அவ செருப்ப பத்தி சாமி கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ நட."

நான் செருப்பைக் கழற்றவில்லை. கழற்றினால் பயந்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்துவிடும் என்று இருந்தது. ஆனால் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் கையை நான் பிடித்ததே இல்லை.

புற்றுநோய்தான். கர்ப்பப்பை வாய் என்பது கர்ப்பப்பையின் கழுத்து, பிறப்புறுப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. அங்கே இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கட்டி. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்து, முதல் கட்டம்தான், அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள். பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றும் சொன்னார்கள். எனக்கு அது காதில் ஏறவில்லை. "நான் ஒருத்தர் கூடத்தான் மேடம் வாழ்ந்தேன்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தர் போதும்மா," என்றார் அந்த டாக்டர். "இது ஒரு வைரஸால வர்றது. உறவு வெச்சுக்குற ஆம்பள, பொம்பள பாதிப் பேருக்கு மேல ஏதோ ஒரு சமயத்துல வரும். முக்காவாசிப் பேருக்குத் தானா போயிடும். சிலருக்குப் போகாம தங்கிடும். தங்கிச்சுன்னா சிலருக்கு அஞ்சாறு வருஷம், சிலருக்குப் பதினஞ்சு வருஷம் கழிச்சு இப்படிக் காட்டும். சுத்தமா இருந்தாங்க, இல்ல, நல்லவங்க, கெட்டவங்கன்னு அது பாக்காது. யார்கிட்ட இருந்து, எப்பன்னு எந்த டெஸ்டும் சொல்லாது. அதைத் தோண்டாதீங்க."

தோண்டினேன். இரண்டு நாள் ஏழுமலையிடம் பேசவில்லை. சாப்பாடு போடும்போதுகூட அவர் முகத்தையே ஏதோ கணக்குப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்தது. "நீ என்னா நெனைக்கிறனு தெரியுது," என்றார். "எனக்கே தெரியாத ஒண்ண நான் எப்பிடி இல்லனு சொல்றது?"  மூன்றாம் நாள் காலை எழுந்து வந்தால், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து யாழினிக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டிருந்தார். நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வேண்டுமே என்று. ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்துக்குக் கீழே. குழந்தை வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு என்னால் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்னதாக வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்து, "மாமியாருக்கு எந்த ஸ்டேஜ் பாப்பா?" என்றார். நான் துணைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார். அவர் மட்டும் இல்லை. சோறு கொண்டுவந்த ஆயா, தட்டைப் பச்சையம்மாளிடம் கொடுத்து, "பேஷண்ட் சாப்புட்ட அப்புறம் நீங்க கேன்டீன் போங்க," என்று என்னிடம் சொன்னாள். எல்லோருடைய மனதிலும் என் பழைய பட்டியல்தான் இருந்தது. அந்த வார்டில் நான் படுத்திருப்பதை யாராலும் நம்ப முடியவில்லை.

மறுநாள் காலை புது நர்ஸ் ஒருத்தி, பெயரும் வயதும் எழுதிக் கையில் கட்டும் பட்டையோடு வந்தாள். நான் கட்டிலை விட்டு இறங்கி ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தேன். பச்சையம்மாள் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"சரண்யா யாரு?" என்றாள் நர்ஸ்.

பச்சையம்மாள் கையைத் தூக்கினார்.

நர்ஸ் பட்டையைப் பிரித்து அவர் மணிக்கட்டைப் பிடித்தும்விட்டாள். நான் ஓடிவந்து, "நான்தான், நான்தான்," என்றேன். நர்ஸ் வயதைப் படித்துவிட்டு அவரைப் பார்த்து முறைத்தாள். "ஏன் பாட்டி, வெளையாடுறீங்களா? ஆபரேஷன்மா இது!"

"வெளையாட்டு இல்லம்மா," என்றார் பச்சையம்மாள். கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. "அன்னிக்கு ஸ்கூல்ல இந்தப் பேருக்கு கைய தூக்கினேன், என்னைத்தான் எடுத்துக்கினாங்க. இன்னிக்கும் எடுத்துக்கட்டுமேனு பாத்தேன். எனக்கு அம்பத்தாறு ஆவுது. பேத்திக்கு ஆறுதான்."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். நோய் தெரிந்த நாளிலிருந்து அப்போதுதான் அழுதேன். என் அசட்டுத்தனத்துக்கு அவர் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. ‘நான் போயிருக்கக் கூடாது’ என்று தன்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என் மீது எனக்கு வந்த கோபத்தில் பாதியை அவர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது.

அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம். கர்ப்பப்பை, அதன் வாய், சுற்றியிருக்கும் கொஞ்சம் சதை, நெறிக்கட்டிகள் எல்லாம் எடுத்தார்கள். சினைப்பைகளை மட்டும் விட்டுவிட்டார்கள், வயது கம்மி என்பதால். அவை இருந்தால் உடம்பு சட்டென்று வயதானவள் உடம்பாக மாறாது. கண் விழித்தபோது தொண்டை வறண்டு, அடிவயிற்றில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. வலியைவிடக் கஷ்டம் சிறுநீர்க் குழாய். கர்ப்பப்பையைச் சுற்றி அறுக்கும்போது மூத்திரப்பையின் நரம்புகள் மரத்துவிடும் என்றார்கள். பன்னிரண்டு நாள் குழாயோடு இருந்தேன். எடுத்த பிறகு, பிறந்த குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல மறுபடி பழக வேண்டியிருந்தது. பச்சையம்மாள் கழிவறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தை எனக்குக் கேட்க வைப்பார். வெளியே வரிசையில் நிற்கிற பெண்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் வாங்க மாட்டார்.

எங்களுக்கு இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தது. யாழினி ஒன்றாம் வகுப்பு போகட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தோம். ஏழுமலை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் ஒரு நாள் கேட்டேன். "ஒண்ணு போதும்டி. பின்னல் போட எனக்கு ரெண்டு கைதான இருக்குது," என்றார். சிரித்தோம். பிறகு அவர் தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். பாட்டில் நிறையத்தான் இருந்தது.

எடுத்த சதையைப் பரிசோதித்ததில் நெறிக்கட்டிகளுக்குப் பரவவில்லை என்று வந்தது. கதிர்வீச்சு வேண்டாம் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்ட வேண்டும். இரண்டு முறை காட்டிவிட்டேன். நன்றாக இருக்கிறது. அந்தச் சின்ன டாக்டரிடம் ஒன்று கேட்டேன். அன்று முகாமுக்கு நானே போயிருந்தால் இது வந்திருக்காதா? "தெரிஞ்சிருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம்," என்றார். "அப்பவே தெரிஞ்சிருந்தா, கர்ப்பப்பையை எடுக்காமலே அந்தப் புள்ளியை மட்டும் எடுத்திருக்க வாய்ப்பு இருந்துச்சு." அவர் பொய் சொல்லி என்னைத் தேற்றாததற்கு நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து சீட்டைக் கிழிக்கப் பார்த்தேன். நான் போட்ட லேமினேஷன், கிழியவில்லை.

வேலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பச்சையம்மாளின் பெயரை எங்கள் கார்டுக்கு மாற்றினேன். போன மாதம் மறுபடி அதே பள்ளிக்கூடத்தில் முகாம் வந்தது. நர்ஸம்மா அவர் பெயரிலேயே சீட்டு கொடுத்தார். இரண்டு பேரும் போனோம். நான் துணைக்கு.

பதிவு மேஜையில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள். "பேரு?"

"பச்சையம்மாள்."

"இதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் இருபது பேர் நின்றார்கள். எனக்கு வந்தது கர்ப்பப்பைக் கட்டி என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவர் அதைச் சொல்லத் தயாராகத்தான் இருந்தார், எனக்காக.

"எடுத்திருக்காங்க," என்றேன் நான். "என் பேர்ல எடுத்தாங்க. எனக்கு நேரம் இல்லனு என் சீட்டுல இவங்களை அனுப்பினேன். இவங்களுக்கு நார்மல். அந்த நார்மலை நான் ஒரு வருஷத்துக்கு மேல பையில வெச்சுக்கினு சுத்தினேன். எனக்கு வந்தது கேன்சர். கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க."

பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.  எனக்குக் காது சுட்டது. வரிசையில் ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு அது போனது. ஒவ்வொருத்தியும் பெயரைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நடுவில் நின்ற நாலாவது வீட்டு அம்மாவிடம் அது வந்தபோது, அவர் படிக்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. தன் கையில் சுருட்டி வைத்திருந்த சீட்டை விரித்து, பக்கத்தில் நின்றவளிடம் காட்டி ஏதோ கேட்டார். அவள் படித்துச் சொன்னது அந்த அம்மாவின் மருமகள் பெயர். அந்த அம்மா வரிசையை விட்டு விலகினார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவைப் பார்த்து வேகமாக நடந்தார்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். பின்னால் அவர் மருமகள், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் வந்தாள்.

"எனக்கு இன்னாத்துக்கு அத்தை? எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பச்சையம்மாள் வரிசையில் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார். "வா, எனக்கு முன்னாடி நில்லு," என்றார் அவளிடம். "கூப்புட்டா கைய தூக்கு."